மேலே போய் வந்த கோப்பு

உங்கள் வீட்டில் திருட்டுப் போகிறது. காவல் நிலையத்துக்கு ஓடுகிறீர்கள். "என்ன போயிற்று, எப்போது போயிற்று என்ற குறிப்பெல்லாம் திருடரிடம்தான் இருக்கிறது. அவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். சாவகாசமாகப் பார்த்து ஒரு நகல் தருவார். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் நடந்தது" என்கிறார்கள் அங்கே. ஒத்துக்கொள்வீர்களா?

சிரிப்பு வருகிறது அல்லவா. ஆனால் மருத்துவமனை என்று வரும்போது நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போய்ப் படுக்கிறோம். வலி நம்முடையது. அந்த வலி எத்தனை மணிக்கு வந்தது, யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்ற குறிப்பு அவர்களுடையது. அலட்சியம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியது நாம். நிரூபிக்கும் தாள் இருக்கிற அறையின் சாவி அவர்கள் இடுப்பில்.

அந்தச் சாவியை இருபது வருடம் இடுப்பில் செருகி வைத்திருந்த ஒருத்தியைப் பற்றியது இது.

அவளை எல்லோரும் ரெக்கார்டு அக்கா என்பார்கள். அவளைவிட மூத்த மருத்துவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆவண அறை தரைக்குக் கீழே இருந்தது. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் சலவைப் பிரிவு. அதன் ஆவி பட்டு அந்தச் சுவர் எந்நேரமும் வியர்த்தபடி இருக்கும். அதனால் அந்தப் பக்கம் அலமாரி வைப்பதில்லை. கூரையை ஒட்டி ஒரு நீளமான சன்னல். அதில் வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். இது ஊசி போட வந்த கால், இது யாரையோ ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற கால்.

அவள் கணவர் அந்த மருத்துவமனையில்தான் லிஃப்ட் இயக்கினார். மூளைக் காய்ச்சல் வந்து, எந்த லிஃப்டை இயக்கினாரோ அதிலேயே படுக்க வைத்து மேலே கொண்டுபோனார்கள். ஆறாவது நாள் அதிலேயே கீழே கொண்டுவந்தார்கள். மகளுக்கு அப்போது நான்கு மாதம். நிர்வாகம் அவளுக்கு வேலை கொடுத்தது. கருணை அடிப்படையில் என்று உத்தரவில் எழுதியிருந்தது. அந்தக் கருணையை அவள் மறந்துவிடாமல் இருக்க, வருடத்துக்கு இரண்டு முறையாவது யாராவது எடுத்துச் சொன்னார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஒரு கோப்பிலிருந்து எக்ஸ்ரே அறிக்கை காணாமல் போனது. பழி அவள் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம். வார்டிலிருந்து கோப்பு வந்ததும், வந்தவரை நிறுத்தி வைத்துக்கொண்டே தாள்களை எண்ணுவாள். பின்னட்டையின் உள்மூலையில் பென்சிலால் பொடியாக ஒரு எண். நாற்பத்திரண்டு. பதினெட்டு. நூற்றேழு. யாரும் செய்யச் சொல்லாத வேலை அது. யாரும் கவனித்ததும் இல்லை.

சலவைப் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். தேநீர் நேரத்தில் வந்து வாசலில் சாய்ந்துகொண்டு வம்பிழுப்பது அவர் வழக்கம்.

"நான் பெட்ஷீட் எண்ணுறேன். ஒண்ணு குறைஞ்சா கழுத்தைப் பிடிக்கிறாங்க. நீ எண்ணுறதை யாரு கேக்கிறாங்கக்கா?"

"கேக்கும்போது சொல்லணும்ல, அதுக்குத்தான்."

"கேக்கவே மாட்டாங்க. எழுதி வச்சுக்கோ. அதையும் பென்சில்லயே எழுது."

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வழக்கம். யாராவது வக்கீல் கடிதம் அனுப்பினாலோ, கோப்பின் நகல் கேட்டு எழுதினாலோ, அந்தக் கோப்பு முதலில் மேலே போகும். மேலே என்றால் இரண்டாம் தளம், நிர்வாகியின் அறை. அங்கே இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பி வரும். அதன் பிறகுதான் நகல். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ஃபைலை முழுசாக்குறது'. நிரப்பாமல் விட்ட கட்டங்களில் எண்கள் வந்திருக்கும். கையெழுத்து இல்லாத இடத்தில் கையெழுத்து. சில சமயம் பென்சில் எண்ணைவிட இரண்டு தாள் கூடுதல். கோப்பு குணமாகி வந்துவிடும். நோயாளிதான் குணமாகாமல் கிடப்பார்.

அக்காவுக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. புரிந்த பிறகு அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடிக்க மூன்று நாள்கூட ஆகவில்லை. ஒரு நர்ஸ் இருபத்தைந்து பேரைப் பார்க்கிறாள், ஓடுகிற ஓட்டத்தில் எழுத நேரமில்லை, செய்த வேலையைத்தானே பிறகு எழுதுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். அதில் பாதி உண்மையும் இருந்தது. நர்ஸ்களைக் குறைத்து வைத்து, அந்தக் குறையை அவர்கள் கையாலேயே மறைக்கச் செய்கிற ஏற்பாடு அது. ஆனால் பாதி உண்மை ஒரு ஆளைத் தூங்க வைக்கும் அளவுக்கு முழுப் பொய்யால்கூட முடியாது. இப்படி எத்தனையோ கோப்புகளை அவள் தன் கையாலேயே மேலே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த எண்ணிக்கையை மட்டும் அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிறகு கண்டக்டரின் கோப்பு வந்தது.

அந்தப் பெண் நகரப் பேருந்தில் நடத்துநர். முதல் பிரசவம். காலை ஒன்பது மணிக்கு வலியோடு வந்து சேர்ந்தாள். மருத்துவர் தன்னுடைய சொந்தக் கிளினிக்கில் இருந்தார். பிரசவ அறையில் அன்று ஒரே ஒரு நர்ஸ், நான்கு தாய்மார்கள். பத்து மணிக்கு ஒருமுறை வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள். அதன் பிறகு மூன்று மணி வரை யாரும் கேட்கவில்லை. அரைமணிக்கு ஒருமுறையாவது கேட்டு எழுத வேண்டிய ஒன்று. மூன்றரைக்குக் குழந்தையை எடுத்தபோது அது நீலமாக இருந்தது, அழவில்லை. அழ வைத்தார்கள், உயிர் தங்கியது. ஆனால் கழுத்து நிற்கவில்லை. பிற குழந்தைகள் தவழும் வயதில் அது கூரையைப் பார்த்துக் கிடந்தது.

கோப்பு கீழே வந்த அன்று அக்கா எழுதிய எண் முப்பத்தொன்று. எட்டு மாதம் கழித்துக் கண்டக்டரின் வக்கீல் கடிதம் வந்தது. கோப்பு மேலே போனது. அந்த வாரத்தில் ஒருநாள் தலைமை நர்ஸான மேட்ரனின் அறையிலிருந்து ஆள் வந்து, "துடிப்பு எழுதுற பேப்பர் அஞ்சு குடுங்கக்கா" என்றார். படிவங்களின் இருப்பும் அவள் பொறுப்பில்தான். படிவ அடுக்கின் உச்சியில் இருந்த கட்டைப் பிரித்து ஐந்தை எண்ணிக் கொடுத்தாள். கோப்பு திரும்பி வந்தபோது அதில் முப்பத்தைந்து தாள் இருந்தது; கொடுத்த ஐந்தில் ஒன்று எழுதும்போது வீணாகியிருக்க வேண்டும்.

இது அவளுக்குப் புதிதல்ல. அந்த நான்கையும் வழக்கம்போல ஒரு பார்வை பார்த்தாள். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தரைக்கு 142. பதினொன்றுக்கு 138. பதினொன்றரைக்கு 144. ஒவ்வொன்றும் கட்டத்துக்கு நடுவில் அச்சடித்ததுபோல. நான்கின் தலை மூடாமல் திறந்திருந்தது. எட்டு இரண்டு தனி வட்டங்களாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த எட்டை எழுதக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். மகளின் கையெழுத்து.

மகள் அப்போது அந்த மருத்துவமனையின் நர்ஸிங் பள்ளியில் இரண்டாம் வருடம். பிரசவ வார்டுப் பக்கமே இன்னும் போனதில்லை; அது மூன்றாம் வருடப் பாடம். நல்ல கையெழுத்துக்காரி என்று பெயர். அறிவிப்புப் பலகையில் எழுத, வாழ்த்து மடல் எழுத, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

தாளின் அடியையும் அக்கா பார்த்தாள். அங்கே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும், அச்சடித்த மாதமும் வருடமும் இருக்கும். வலியின் அளவைக் குறிக்க ஒரு கட்டம் வேண்டும் என்று சொல்லி அந்தப் படிவத்தைப் புதிதாக அச்சடிக்கக் கொடுத்ததே அவள்தான். கண்டக்டருக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆன பிறகு அச்சான தாளில், குழந்தை பிறப்பதற்கு முன் அதன் இதயம் துடித்த துடிப்பு எழுதியிருந்தது. படித்தவர்கள், பெரிய பட்டம் வாங்கியவர்கள். ஒருவரும் தாளின் அடியைப் பார்க்கவில்லை. அது அவர்கள் கண்ணுக்குத் தாள் அல்ல, கை நீட்டினால் கிடைக்கிற வெற்றிடம். வெளியே போன நகலிலும் அது தெரியாது. படிவம் நீளம், நகல் எடுக்கும் இயந்திரத்தின் தாள் குட்டை. அடியில் ஒரு விரல் அகலம் எப்போதும் வெட்டுப்பட்டுவிடும்.

அன்று மாலை வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் சேர்த்து ஒரே அறை. நடுவில் ஒரு திரை, அதையும் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருப்பார்கள்.

"மேட்ரன் எதுக்கோ கூப்பிட்டாங்களாமே," என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாம்மா. ஏதோ பழைய சார்ட்ல தண்ணி கொட்டிடுச்சாம். அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உன் கையெழுத்தைப் பார்த்தா மெஷின் தோத்துடும்னாங்க." மகள் ஒரு சட்டையின் கையை நீவினாள். "உனக்கு யார் சொன்னா?"

"கேள்விப்பட்டேன்."

"உனக்குத்தான் தரைக்கு அடியில உட்கார்ந்தே ஊர்ச் சேதி எல்லாம் வந்துடுமே."

மகள் சிரித்தாள். அக்காவும் சிரித்து வைத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் என்று பிறகு நூறு முறை நினைத்தாள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஒருநாள் நிர்வாகி அவளை மேலே அழைத்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மேசையில் ஒரு பிரமாணப் பத்திரம் இருந்தது. மேற்படி கோப்பு நோயாளி வீடு திரும்பிய நாள் முதல் தன் பொறுப்பில் பத்திரமாக இருந்தது என்று அவள் சொல்வதாக அதில் இருந்தது.

"படிச்சுப் பாருங்கம்மா. தப்பா ஒண்ணும் இல்லை. உங்க பொறுப்புலதானே இருந்தது?"

"நடுவுல மேல வந்துச்சு சார்."

"மேலன்னா என்ன, இதுவும் உங்க ஆஸ்பத்திரிதானே." அவர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார். "உங்க பொண்ணு நல்லா படிக்கிறாளாம். கையெழுத்து ரொம்ப அழகுன்னு மேட்ரன் சொன்னாங்க. நானும் பார்த்தேன்."

நானும் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. கதவு சாத்திய சத்தம்கூடக் கேட்காமல் ஒரு ஆளை அறைக்குள் வைத்துப் பூட்ட முடியும் என்பதை அக்கா அன்று தெரிந்துகொண்டாள். மாணவிகளின் அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை நாளில் அசல் கோப்பைத் துணிப்பையில் வைத்து அவளே கொண்டுபோனாள். மருத்துவமனையின் வக்கீல் இரண்டே கேள்வி கேட்டார். இது நீங்கள் பராமரிக்கும் கோப்பா. ஆமாம் ஐயா. நோயாளி வீடு திரும்பிய நாளிலிருந்து உங்கள் பொறுப்பில் இருந்ததா. ஆமாம் ஐயா.

பிறகு கண்டக்டரின் வக்கீல் எழுந்தார். கேட்டுவிடுவாரோ என்று அக்காவுக்கு ஒரு பயம். கேட்டுவிட மாட்டாரா என்று ஒரு தவிப்பு. இரண்டும் ஒரே நெஞ்சில் முட்டி மோதின. உங்களிடம் வந்தபோது எத்தனை தாள் என்ற ஒரே கேள்வி போதும். எண்ணிக்கையில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. அது அவளுக்கே தெரியும்.

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நீங்க இந்த ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்குறவங்கதானே?"

"ஆமாங்க ஐயா."

"உங்க வீட்டுக்காரரும் அங்கதானே வேலை பார்த்தார்?"

"ஆமாங்க."

"அப்ப அவங்களுக்குச் சாதகமாத்தானே பேசுவீங்க." பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்துவிட்டார். கூண்டில் நிற்பவளை ஒரு தட்டுத் தட்டிவிட்ட திருப்தி அவர் முகத்தில்.

"நீங்க போகலாம்," என்றார் நீதிபதி.

அவள் ஒரு படி இறங்கினாள். பின் வரிசையில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அதன் தலை சாய்ந்துவிடாமல் ஒரு கையை அணையாக வைத்திருந்தாள். மணிக்கணக்காக அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை.

"ஐயா," என்றாள் அக்கா. "அந்தத் தாளோட அடியைப் பாருங்க."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்மா. அடுத்த கேஸ்."

அவ்வளவுதான். வெளியே வந்ததும் நிர்வாகி பக்கத்தில் வந்தார். "உள்ளே என்னம்மா சொன்னீங்க?"

"பழைய தாள் சார். அடியைப் பிடிச்சுப் புரட்டினா கிழிஞ்சிடும்னு சொன்னேன்."

அவர் நம்பினார். இப்படி ஒருத்திக்குப் பொய் சொல்லத் தெரியும் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. கோப்போடு சேர்த்து வைக்க ஒரு பிரதி அவளிடமும் வந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு அரைமணிக்கு ஒருமுறை ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்டிருப்பதை ஆவணங்கள் காட்டுகின்றன, மருத்துவர் யாரும் புகார்தாரர் தரப்பில் சாட்சி சொல்லவில்லை, ஆகவே அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.

அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. மகள் அதை எடுத்து வாசித்தாள். நாலாவது பக்கத்தில் நின்றாள்.

"142, 138, 144. அம்மா, இது நான் எழுதினதும்மா."

அக்கா அடுப்பை அணைத்தாள்.

"பழைய பேப்பர் ஒண்ணுமே இல்லைம்மா அங்க." மகள் மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் அப்போதுதான் அவளுக்கே தெரிய வருவதுபோல இருந்தது. "அவங்க கையில ஒண்ணுமே இல்லை. சன்னலைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னாங்க. மனப்பாடம்னு நினைச்சேன்." பிறகு, "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஃபைல் திரும்பி வந்த அன்னைக்கே."

மகள் எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினாள். பல மாதமாக மூடாத திரை. அதன் வளையங்கள் கம்பியில் கீச்சிட்டன. திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் போய்ச் சொல்றேன். எழுதச் சொன்னாங்க, எழுதினேன்னு."

"எழுதச் சொன்னாங்கன்னு யாரு சாட்சி? மேட்ரனா?"

"நான் படிக்கிற பொண்ணு. எனக்கு என்ன தெரியும்?"

"அதையேதான் அவங்களும் சொல்வாங்க. படிக்கிற பொண்ணு தெரியாம செஞ்சுட்டான்னு. வாயை மூடிக்கிட்டுப் பரீட்சையை எழுது. இன்னும் ஒரு வருஷம்."

"ஒரு வருஷம் கழிச்சு நானும் எழுதச் சொல்லுவேனா?"

மறுநாள் காலை, அக்காவின் பைக்குள் ஒரு தாள் இருந்தது. என்றைக்கு, எந்த அறையில், யார் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று மகள் எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருந்தாள். அதே எட்டு, அதே நான்கு. அக்கா அதைக் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பையிலேயே வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய் வந்தாள்.

இருபத்தாறாவது நாள் கண்டக்டர் வந்தாள். முதலில் சன்னலில் சீருடைக் காலணிகள் தெரிந்தன; பிறகு படியிறங்கும் சத்தம்; பிறகு ஆள். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். டிக்கெட் பை தோளிலேயே இருந்தது.

"அன்னைக்குக் கோர்ட்டுல அடியைப் பாருங்கன்னீங்க. வக்கீலுக்குக் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சு. பஸ்ஸுல எழுபது பேர் பேசுறப்ப கடைசி ஸீட்டுல யார் நிறுத்தம் கேக்கிறாங்கன்னு கேட்டுப் பழகின காது." அவள் ஒரு நகல் கட்டை மேசையில் வைத்தாள். ஓரங்கள் நைந்துபோயிருந்தன. "வீட்டுல போய் எல்லாத் தாளோட அடியையும் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. எந்த அடியைச் சொன்னீங்கக்கா?"

அக்கா வாசலைப் பார்த்தாள். சலவை அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். "நகல் வேணும்னா எழுதிக் குடுக்கணும்மா. மேல போகணும், மூணு நாள் ஆகும்."

"எழுதிக் கொண்டாந்திருக்கேன். மூணு நாள் எனக்கு இல்லை. நாலு நாள்தான் மொத்தமே." பிறகு எந்தக் கெஞ்சலும் இல்லாத குரலில் சொன்னாள்: "பதினோரு டாக்டரைப் பார்த்துட்டேன்க்கா. குழந்தையைத் தொட்டுப் பார்த்ததுமே சொல்றாங்க, ரொம்ப நேரம் மூச்சுக்காத்து கிடைக்காம இருந்திருக்கு, யாரும் பார்க்காம விட்டிருக்காங்கன்னு. எழுதிக் குடுங்கன்னா மட்டும் பேனாவில மை தீர்ந்துடுது."

இந்தக் கோப்பு மீண்டும் ஒருமுறை மேலே போனால், அடியைப் பார்க்கிற ஆள் யாராவது அங்கே இருக்கக்கூடும். அப்புறம் இந்த நான்கு தாளும் இருக்காது. இது அக்காவுக்குத் தெரியும். இந்தத் தாள்கள் வெளியே போனால் அவற்றோடு மகளின் எட்டும் நான்கும் சேர்ந்து போகும். அதுவும் தெரியும். இருபது வருடம் கோப்புகளை அடுக்கிய அந்த அறையில், அவள் நிற்பதற்கு இப்போது ஒரு முழ இடம்கூட இல்லை.

கோப்பை எடுத்தாள். நான்கு தாளையும் இயந்திரத்தில் ஒன்றொன்றாக வைத்தாள். மேல் பாதிக்கு ஒருமுறை, கீழ் பாதிக்கு ஒருமுறை. பின்னட்டையையும் திறந்து, பென்சிலில் இருந்த முப்பத்தொன்றையும் ஒரு நகல் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் அசலைப் போன்ற நகல் என்ற முத்திரையைக் குத்தித் தேதி போட்டாள். முத்திரை குத்த அவளுக்கு அதிகாரம் உண்டு. இருபது வருடத்தில் அவள் அதிகாரத்தை அதிகாரமாகப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

பைக்குள் இருந்த மகளின் கடிதத்தில் கை பட்டது. அதை எடுக்கவில்லை. அது மட்டும் அவளால் முடியவில்லை.

மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. அச்சகத்தின் மாதத்தைப் பார்த்த நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று கண்டக்டர் சொன்னாள். மருத்துவமனை அடுத்த வாரமே பதில் போட்டது. அரைமணிக்கு ஒருமுறை துடிப்பைக் கேட்டது உண்மை, எல்லாம் சரியாகவே இருந்தது; நனைந்துபோன அந்த அட்டவணையைப் படியெடுக்கச் சொன்னபோது பயிற்சி மாணவி ஒருவர் தன் மனம்போன போக்கில் எண்களை நிரப்பிவிட்டார். இதற்கு நிர்வாகம் வருந்துகிறது. அந்த மாணவி இடைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மகளைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டு, எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். மகள் தன் கடிதத்தைத் தானே மீண்டும் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தாள். தப்பிக்க எழுதிய கதை என்றார்கள் மருத்துவமனைத் தரப்பில். அக்காவை ஆவண அறையிலிருந்து மாற்றி, சலவைப் பிரிவில் போர்வை எண்ண வைத்திருக்கிறார்கள். வேலையைவிட்டு நீக்கவில்லை. கருணை.

அம்மாவும் மகளும் இப்போது அதே ஒற்றை அறையில் இருக்கிறார்கள். திரையை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அதிகம் பேசிக்கொள்வதில்லை. "நீயே கொடுத்திருக்கலாமே அந்த லெட்டரை," என்று மகள் ஒரே ஒருநாள் கேட்டாள். "உன்னை எப்படி நானே கொண்டுபோய்க் குடுப்பேன்," என்றாள் அக்கா. இருவர் சொன்னதும் சரி. இருவருக்கும் வெளியே போக வழியில்லை.

ஒரு வழி இருக்கிறது. அது அவர்கள் கையில் இல்லை.

பிரசவ வார்டில் கால் வைக்காத ஒரு மாணவிக்கு, ஐந்து மணி நேரத்துக்கு ஏற்ற இறக்கத்தோடு, எந்தச் சந்தேகமும் வராதபடி, சரியான எண்களைத் தானாக இட்டுக்கட்டத் தெரியுமா? அவர்கள் சொல்வதுபோலத் துடிப்பு சரியாகவே இருந்திருந்தால் அந்தக் குழந்தை நீலமாகப் பிறந்திருக்குமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாத பிரசவ மருத்துவர் உலகத்தில் இல்லை. பதிலை எழுதிக் கையெழுத்துப் போட ஒருவர் முன்வந்தால், அந்த ஒரே தாளில் கண்டக்டரின் குழந்தைக்கு நியாயம் கிடைக்கும். ஒரு மாணவியின் தலையில் ஏற்றிய பழியும் இறங்கும். பதினோரு பேர் வாயால் சொன்னார்கள். நீதிமன்றத்துக்கு வாய் தெரியாது, தாள்தான் தெரியும். சக மருத்துவரைக் காட்டிக்கொடுப்பதா என்று தயங்குகிறார்களாம். அவர்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் யாரைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று கேட்பாரில்லை.

நீங்கள் மருத்துவராக இருந்தால், இப்படி ஒருத்தி உங்கள் அறைக்கு வரும்போது பேனாவை எடுங்கள். மருத்துவர் இல்லையென்றால், அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் போகும்போது, நாடி பிடித்து முடித்ததும் அவர் கையை விடாமல் ஒன்று கேளுங்கள். இன்னொரு மருத்துவர் எனக்குத் தவறு செய்தால், அதைத் தவறு என்று எழுதிக் கொடுப்பீர்களா? அவர் பதில் சொல்லும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.